பயணச் செயலி உங்கள் டைரியைப் படிக்கலாமா?

தஞ்சாவூர் என்று தட்டினால் எந்தப் பயணச் செயலியும் முதலில் பெரிய கோயிலைத்தான் காட்டும். அதில் தவறில்லை. ஆனால் முழங்கால் வலியோடு வரும் எழுபது வயது அம்மாவையும் ஆறு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, ஏப்ரல் மாத மதியம் ஒரு மணிக்கு அங்கே போய் இறங்கும் குடும்பத்துக்கு அந்தப் பரிந்துரையால் என்ன பயன்? சன்னதி நடை சாத்தியிருக்கும். செருப்பில்லாமல் நடக்க வேண்டிய கல்தளம் தகிக்கும். அவர்களைப் பகலில் கும்பகோணத்தில் தங்க வைத்து, வெயில் தாழ்ந்ததும் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாராசுரத்துக்கு அனுப்பி, மறுநாள் விடிகாலையில் பெரிய கோயிலுக்குக் கூட்டிவந்தால் அது பரிந்துரை. ஊர் தெரிந்த சித்தப்பா ஒருவர் இருந்தால் இதைத்தான் சொல்வார்.

அந்தச் சித்தப்பாவின் வேலையைக் கைபேசி செய்ய வேண்டும், போய்வந்த இடங்களைப் பற்றி எழுதிவைக்கவும் அதிலேயே இடம் இருக்க வேண்டும் என்பது இன்று பலரின் ஆசை. கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் முதல் முதலீட்டாளரைத் தேடும் ஸ்டார்ட்அப் வரை இந்த யோசனை சுற்றிவருகிறது. ஒரே செயலியில் இரண்டு பாதிகள். ஒன்று எங்கே போகலாம் என்று சொல்லும். மற்றொன்று போனதை எழுதி வைத்துக்கொள்ளும். இவை இயல்பாகப் பொருந்துவது போலத் தோன்றினாலும், உள்ளுக்குள் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. அந்த இழுவிசையைச் சரியாகக் கையாள்வதுதான் வடிவமைப்பின் பெரும்பகுதி.

முதலில் பரிந்துரையைப் பார்ப்போம். அதன் அடிப்படைக் கணக்கு எளிது. உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்களுக்குப் பிடித்தது உங்களுக்கும் பிடிக்கும். இணையச் செய்திக் குழுக்களில் எதைப் படிக்கலாம் என்று சொல்ல, 1994இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ‘குரூப்லென்ஸ்’ ஆய்வு இந்த வழியைக் கையாண்டது. பின்னர் அமேசான் ஆட்களை ஒப்பிடுவதை விட்டுப் பொருட்களை ஒப்பிடத் தொடங்கியது. 2006இல் நெட்ஃபிளிக்ஸ், தன் பரிந்துரையின் துல்லியத்தைப் பத்து சதவீதம் கூட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. போட்டிக்காகச் சுமார் 4.8 லட்சம் வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்கு இட்ட 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. 2009இல் பரிசு கைமாறியது.

இந்த வெற்றியைப் பார்த்துப் பயணத்திலும் அதையே செய்யலாம் என்று இறங்குபவர்கள் சீக்கிரமே தடுமாறுகிறார்கள். காரணம் தரவுப் பஞ்சம். ஒருவர் ஆண்டுக்கு நூறு படம் பார்க்கலாம். நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெளியூர் கிளம்பினாலே அதிகம். போதாக்குறைக்கு, ஒரே மனிதர் ஒவ்வொரு பயணத்திலும் வேறு ஆளாக இருக்கிறார். அலுவலக வேலையாகக் கோவைக்குப் போகும்போது அவருக்கு வேண்டியது ரயில் நிலையம் அருகே சுத்தமான அறை. மாமியாரோடு ராமேஸ்வரம் போகும்போது தரைத்தளத்தில் அறை, பக்கத்திலேயே சைவச் சாப்பாடு. நண்பர்களோடு வால்பாறை ஏறும்போது இவை எதுவும் பொருட்டில்லை. இந்த மூன்றையும் கலந்து ‘இவர் ரசனை இதுதான்’ என்று சராசரி போட்டால் மூன்றுக்குமே பொருந்தாத விடைதான் வரும்.

ஆகவே நல்ல பயணச் செயலி ஆளை அறிய முயல்வதற்கு முன் இந்தப் பயணத்தை அறிய வேண்டும். செயலியை நிறுவியதும் இருபது கேள்விகள் கேட்டு விரட்டாமல், ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் சிலவற்றைக் கேட்டால் போதும். யார் உடன் வருகிறார்கள், எவ்வளவு தூரம் நடக்க முடியும், எது கண்டிப்பாகக் கூடாது. கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எது பிடிக்கும் என்று கேட்டால் மக்கள் தயங்குவார்கள், எது ஒத்துவராது என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு முதலில் கழிக்க வேண்டும், பிறகுதான் வரிசைப்படுத்த வேண்டும்.

கழிப்பதற்கு உள்ளூர் அறிவு வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் சுற்றுலா வாகனம் போக முடியாது. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை விழும். வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்க்க மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் போக வேண்டும், மே மாதத்தில் அனுப்பினால் ஏமாற்றம்தான். நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் மதியம் நடை சாத்தி மாலையில் திறக்கும். வெளிநாட்டு அருங்காட்சியக நேரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பயணத்திட்ட மென்பொருளுக்கு இந்த இடைவேளை புரியாது. ‘காலை 9 முதல் இரவு 8 வரை’ என்று ஒற்றை வரியில் நேரத்தைச் சேமிக்கும் தரவுத்தளம் இங்கே முதல் நாளே தோற்றுப்போகும்.

இனி டைரி. பரிந்துரைக்கு வேண்டிய உண்மை அங்கேதான் இருக்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்பதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. ‘கோயில் அழகுதான், ஆனால் கூட்டத்தில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம், அதுதான் நிம்மதியாக இருந்தது’ என்று ஒருவர் எழுதினால் எல்லாமே தெரிந்துவிடுகிறது. கூட்டம் ஒத்துவராது, நீர்க்கரை பிடிக்கும், அப்பாவுக்கு மூச்சுக் கோளாறு இருக்கலாம். இன்றைய மொழி மாதிரிகள் இந்த மூன்றையும் நொடியில் பிரித்தெடுக்கும். மூன்றாவது ஒரு குடும்பத்தின் உடல்நலச் செய்தி. அது யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். பரிந்துரை இயந்திரம் டைரியைத் தானாகப் படிக்கக் கூடாது. யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்த கணமே எழுதுபவர் மனத்தைத் திறப்பதை நிறுத்திவிடுவார். ‘அருமையான இடம், குடும்பத்தோடு மகிழ்ந்தோம்’ என்று சுற்றுலாத் துறைத் துண்டறிக்கை போல எழுதுவார். டைரியும் கெடும், அதை நம்பியிருந்த பரிந்துரையும் கெடும்.

இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பி, அதில் எழுதுபவரே திறக்கும் ஒரு கதவை வைக்க முடியும். எழுத்தைக் கைபேசியிலேயே பூட்டி வைக்க வேண்டும். சாவி நிறுவனத்தின் சர்வரில் இருக்கக் கூடாது. விருப்பங்களைப் பிரித்தெடுக்கும் வேலையும் கைபேசிக்குள்ளேயே நடக்க வேண்டும். அதன் விளைவு ‘கூட்டம் குறைந்த இடம்’, ‘நீர்நிலைக்கு அருகே’ என்பது போன்ற சிறு சீட்டுகளாகத் திரையில் வரும். வேண்டாததை அவர் அடித்துவிடலாம். அவர் சம்மதித்த சீட்டு மட்டும் வெளியே போகும், வாக்கியம் போகாது. இது நடக்காத கற்பனை அல்ல. 2023 டிசம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ‘ஜர்னல்’ செயலியும் அதனுடன் வந்த, எழுதத் தூண்டும் வசதியும் இந்த வழியில்தான் இயங்குகின்றன. படம், இடம், பாட்டு ஆகியவற்றிலிருந்து எழுதுவதற்கான தூண்டுதலைக் கைபேசியே தொகுக்கிறது. பயனர் தொட்டுத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் டைரிச் செயலியின் கைக்குப் போகிறது.

எழுதத் தூண்டுவதிலும் கவனம் வேண்டும். ‘இன்று எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்பதோடு முடிந்துவிடும். ‘மதியம் எங்கே சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார்கள்?’ என்று கேட்டால் கதை வரும். கேட்பது இரவிலோ, திரும்பும் பேருந்திலோ இருக்கட்டும். அருவிக்கு முன்னால் நிற்பவரின் கைபேசியை அதிர வைப்பது அவருடைய பயணத்தில் குறுக்கிடுவது. தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் நம்மிடையே மிகுதி. பேசினால் எழுத்தாகும் வசதி, அதுவும் பேச்சுத் தமிழையும் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் திருத்தாமல் அப்படியே ஏற்கும் வசதி, இங்கே அலங்காரமல்ல, அடிப்படைத் தேவை.

‘போன வருடம் இதே நாள்’ என்று பழைய படத்தை எடுத்துக் காட்டும் அம்சத்தைப் பலரும் யோசிக்காமல் சேர்க்கிறார்கள். 2014 இறுதியில் ஃபேஸ்புக்கின் ஆண்டுத் தொகுப்பு, எரிக் மேயர் என்ற வலை வடிவமைப்பாளருக்கு அந்த ஆண்டில் இறந்துபோன அவருடைய சிறு மகளின் படத்தைக் கொண்டாட்ட ஓவியங்களுக்கு நடுவே வைத்துக் காட்டியது. அவர் அதைப் பற்றி எழுதிய பிறகு அந்தத் தொகுப்பின் பொறுப்பாளர் வருத்தம் தெரிவித்தார். ஒரு முகத்தை, ஒரு ஊரை, ஒரு தேதியை ‘இனி காட்டாதே’ என்று சொல்லும் பொத்தான் இல்லாமல் இந்த அம்சத்தை வெளியிடுவது கொடுமை.

இருப்பிடத் தகவல் டைரியை விடவும் அதிகம் காட்டிக்கொடுக்கும். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தடங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டோம் என்ற உறுதிமொழிக்கு இதன் பிறகு மதிப்பில்லை. நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட மதிப்பெண்களிலும் சிலரை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள், திட்டமிட்டிருந்த அடுத்த போட்டியே அதன் பிறகு கைவிடப்பட்டது. ஓட்டப் பயிற்சிச் செயலியான ‘ஸ்ட்ராவா’ வெளியிட்ட உலக வரைபடத்தில் ஆப்கானிஸ்தான், சிரியா ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் தெரிந்ததை 2018 ஜனவரியில் உலகமே பார்த்தது.

இதற்குச் சாதாரணத் தடுப்புகளே பெருமளவு உதவும். அட்சரேகை, தீர்க்கரேகையில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வைத்தால் சுமார் ஒரு மீட்டர் வரை துல்லியம், இரண்டு இலக்கம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். உங்கள் சொந்த வரைபடத்துக்கு ஐந்து இலக்கம் வேண்டும். அருகே எந்த ஊர் இருக்கிறது என்று பரிந்துரைக்க இரண்டு இலக்கம் தாராளம். படத்தைப் பகிரும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடக் குறிப்பைச் செயலியே அழித்துவிட வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தமிழில் கேட்பது சலுகையல்ல. 18 வயதுக்கு உட்பட்டவரின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. குடும்பப் பயணச் செயலி செய்பவர்கள் இதை முதல் வாரமே படிக்க வேண்டும்.

சிக்னல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலை வளைவுகளில் இணையம் இல்லாமலும் செயலி எழுத விட வேண்டும். எழுதியது முதலில் கைபேசியில் பதிவாகி, தொடர்பு கிடைத்ததும் பூட்டிய நிலையிலேயே சர்வருக்குப் போக வேண்டும். ஆள் நின்றுவிட்டால் ஜி.பி.எஸ்.ஸும் ஓய வேண்டும், இல்லையென்றால் மதியத்துக்குள் பேட்டரி தீரும்.

ஊர்ப் பெயர்கள் தனித் தலைவலி. உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் ஒன்று என்று செயலிக்குத் தெரிய வேண்டும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது. இடத்துக்கு நிலையான எண் கொடுத்து, பெயர்கள் அத்தனையையும் அதன் கீழ் தொங்கவிடுவதே வழி.

பரிந்துரைக்கு ஒரு பொதுப் பொறுப்பும் உண்டு. ஏற்கெனவே பேர்பெற்ற இடத்துக்கே மேலும் மேலும் ஆளை அனுப்புவது இந்தக் கணக்கின் பிறவிக் குணம். மாற்றாக ‘யாருக்கும் தெரியாத இடம்’ என்று ஒரு சோலைக்காட்டு ஓடையை ஆயிரம் பேருக்குக் காட்டினால் ஒரு சீசனில் அது குப்பைமேடாகும். அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் பகுதிச் சுற்றுலா வாரியமே 2018இல், துல்லியமான இடத்தைக் குறித்துப் படம் பகிராதீர்கள் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. நார்த்தாமலை, சித்தன்னவாசல் போன்ற தொல்லியல் இடங்களை இன்னும் பலர் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். காப்பாளரும் பாதையும் உள்ள இடங்களைப் பரவலாகக் காட்டலாம். அவை இல்லாத காட்டையும் ஓடையையும் விட்டுவிடலாம். விடுதியிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு காட்டும் பரிந்துரை என்றால், அது விளம்பரம் என்று அதே எழுத்தளவில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, செயலி மூடப்பட்டால் என்ன ஆகும்? கூகுளின் ‘ட்ரிப்ஸ்’ செயலி 2016 செப்டம்பரில் வந்து 2019 ஆகஸ்டில் நின்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் செயலிக்கே மூன்றாண்டு ஆயுள் இல்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தமிழ் நாட்குறிப்பை நாம் இன்றும் படிக்கிறோம். ஆனால் நேற்றைய தமிழ்க் கணினி எழுத்துருக்களில் சேமித்த கோப்புகளைத் திறந்தால் பல நேரம் புரியாத குறியீடுகள்தான் வருகின்றன. எனவே எழுத்தை யூனிகோடிலும், வழித்தடத்தையும் படங்களையும் எல்லா மென்பொருளும் திறக்கும் வடிவத்திலும் ஒரே தொடுதலில் வெளியே எடுக்கும் வசதி முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும்.

நீங்கள் ஒரு பயணச் செயலியை நிறுவப் போகிறீர்கள் என்றால், ஊரைத் தேடுவதற்கு முன் அதன் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுதியதை முழுவதும் பதிவிறக்கும் வழியும், முழுவதும் அழிக்கும் வழியும் அங்கே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வழி கேட்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், டைரியை வேறு இடத்தில் எழுதுங்கள்.