துண்டிலிருந்து கஃபாலா வரை

பிறநாட்டுத் தொழிலாளரை ஒரு நாடு எவ்வளவு தாராளமாக உள்ளே விடலாம் என்ற விவாதம் இன்று மேலைநாடுகளுக்கே உரியதுபோலத் தோன்றினாலும், அதன் முக்கிய வாதங்கள் பலவும், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களையும் உள்ளடக்கிய இலங்கைப் பெருந்தோட்டத் துறையை முன்வைத்து, 1930களிலேயே எழுந்துவிட்டவை.

குடிபெயர்வுக்கு ஆதரவான பொருளியலாளரின் அடிப்படை வாதம் எளியது: அதே மனிதர், அதே கைத்திறனோடு, உழைப்புக்குத் தேவை மிகுந்த இடத்துக்குச் சென்றால் அவருக்கும் வருமானம் கூடும், அந்த இடத்துக்கும் உற்பத்தி கூடும். பஞ்சமும் கடனும் வாட்டிய தமிழகக் கிராமங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்கு இந்த வாதம் பாதியளவே பொருந்தியது. வருவதற்குத் தடையில்லை, தோட்டம் மாறுவதற்குத்தான் தடை இருந்தது. ஆள் திரட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நிற்க, அக்கடனைக் குறித்த ‘துண்டு’ எனும் சீட்டைப் பெற்று, புதிய தோட்டத்தின் துரை பணத்தை அடைத்தால்தான் அவர் அங்கே பேர் பதிய முடிந்தது. கூலி குறைந்தால் வேறிடம் போய்விடுவார்கள் என்ற அச்சமே முதலாளியைக் கூலி உயர்த்த வைக்கும் என்பதால், துண்டு முறை அந்த அச்சத்தையே அகற்றிய ஏற்பாடாக இருந்தது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

வந்தவர்கள் உள்ளூராரின் பிழைப்பைப் பறித்தார்களா என்ற கேள்வி, உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பின் கூர்மையடைந்தது. இதனை ஆராய்ந்த சேர் எட்வர்ட் ஜாக்சன், இந்தியத் தொழிலாளர் வருகையால் இலங்கையருக்குப் பொருளாதாரப் பாதிப்பு ஏற்பட்டதாகக் கொள்ள இடமில்லை என்ற முடிவை 1938இல் வெளியான அறிக்கையில் முன்வைத்தார். 1980இல் கியூபாவிலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் அமெரிக்காவுக்கு வந்தபோது மயாமி நகரத் தொழிலாளரின் கூலி வீழவில்லை எனப் பொருளியலாளர் டேவிட் கார்ட் 1990இல் எழுதியதும், அதை ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் மறுத்ததும் இதே கேள்வியின் தொடர்ச்சியே. எனினும் சிங்களக் கிராமத்தவரின் குறை வெறும் கற்பனையன்று. அவர்களது உண்மையான இழப்பு நிலம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் தரிசுநிலங்களை அரசுடைமையாகக் கருதித் தோட்டங்களுக்கு வழிவிட்டது. நிலத்தை எடுத்தவர் வேறு, அதில் மண்வெட்டி பிடித்தவர் வேறு என்றாலும், அரசியல் கோபம் கைக்கெட்டியவர்மீதே பாய்ந்தது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்காகச் சுவீகரித்து, லயங்களில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறச் சொன்னதும், மறுத்தவர்கள்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டதும், 1946இல் தோட்டத் தொழிலாளர் பெருமளவில் வேலைநிறுத்தம் செய்ததும் இதன் விளைவு.

அறவியல் தரப்பில், எல்லைகள் திறந்திருக்க வேண்டும் என 1987இல் வாதிட்டவர் ஜோசப் காரன்ஸ். யாரை அனுமதிப்பது என்பதை ஒரு சமூகமே தீர்மானிக்கலாம் என்ற மைக்கேல் வால்சரோ, அனுமதித்து வேலை வாங்கியவர்களைக் குடியுரிமையற்றவர்களாகவே வைத்திருப்பது கொடுங்கோன்மை என்றார். ஆக, எதிரெதிர்த் தரப்பினர் இருவரின் அளவுகோலிலும், தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தேறாது. அச்சட்டத்தை எதிர்த்து ருவன்வெல்லை வாக்காளர் இடாப்பில் பெயர் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு, இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்று 1953இல் தோற்றது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவ்வாறு நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னர் பார்க்கலாம் என விட்டது. எங்கே வாழ விருப்பம் என்று அம்மக்களிடம் முதலில் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பால் வெட்டியும் கொழுந்து கொய்தும் வாழ்ந்த குடும்பங்களின் பெண்கள் இன்று வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். அங்கே நிலவும் ‘கஃபாலா’ முறையில், வேலைக்கு அழைத்தவரே தொழிலாளியின் வதிவிட அனுமதிக்குப் பொறுப்பாளி என்பதால், அவரது இசைவின்றி வேலை மாறுவது கடினம். துண்டைப் பார்த்த தலைமுறைக்கு இது புதிதாகப் பட்டிருக்காது. சவூதி அரேபியா 2021இல் இந்தப் பிடியைத் தளர்த்தியபோது, வீட்டுப் பணியாளர்கள் அதில் சேர்க்கப்படவில்லை.