பந்தயத் தடத்துக்குப் புறப்படுமுன் டயரைப் பாருங்கள்

நம் சங்கத்து இல்லங்கள் சிலவற்றில் இப்பொழுது ஒரு புதிய பேச்சு அடிபடுகின்றது. "ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறேன், டிராக் டே" என்கிறான் பிள்ளை. அது என்ன என்று தாயார் கேட்கிறார். தந்தையார் கேட்காமலே கூடாது என்கிறார். கட்டணம் செலுத்திப் பந்தயத் தடம் ஒன்றிலே ஒருநாள் தன் சொந்த மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகும் ஏற்பாட்டிற்கே இப்பெயர். அது பந்தயம் அன்று; பரிசும் இல்லை. எதிரே லாரி வராது. குறுக்கே எருமை வராது.

நாம் இதற்கு விரோதிகள் அல்லோம். திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடையே நம் வடமாலபேட்டையை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து வேகம் காட்டுவதைக் காட்டிலும், அதற்கென அமைந்த இடத்தில் ஆசான் முன்னிலையில் ஓட்டுவது எவ்வளவோ மேல். ஆயினும் எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் பக்கத்திலேயே இருக்கின்றது என்பதற்காக எலும்பை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை அன்றோ? ஆகவே, போகலாமா கூடாதா என்று வீட்டில் விவாதிப்பதற்கு முன், வண்டியின் இரண்டு டயர்களையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

மோட்டார்ப் பந்தயம் இப்பக்கத்தாருக்குப் புதியதன்று. யுத்தகாலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகச் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போடப்பட்ட ஓடுபாதையிலே பல ஆண்டுகள் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1953 ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் பந்தயச் சங்கத்தார் பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தமக்கெனத் தடம் அமைத்துக்கொண்டனர். சுற்றளவு ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து திருத்தணி, திருவள்ளூர் வழியாகச் சென்றால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். (1960 இல் எல்லைத் தீர்வின்படி திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நம்மவர் பலருடைய சுற்றத்தார் ஒரே நாளில் வேற்று இராஜ்யத்தார் ஆனதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.) தடத்திலும் உயிர்ச்சேதம் நேர்வதுண்டு என்பதை மறைப்பது முறையாகாது. 2023 ஆகஸ்டு மாதத்தில் அதே தடத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்திலே 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து மாண்டான். அதற்கு டயர் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. தடம் என்பது விளையாட்டு மைதானம் அன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

இனி டயருக்கு வருவோம். இருசக்கர வண்டி ஒன்று பூமியைத் தொடும் இடம் ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. வண்டியின் எடையும், ஓட்டுபவன் எடையும், பிரேக்கின் இழுப்பும், வளைவில் வெளியே தள்ளும் வேகமும் ஆகிய அனைத்தையும் அந்த இரண்டு உள்ளங்கைகளே தாங்குகின்றன. சாலையில் நாம் பெரும்பாலும் நிமிர்ந்தே ஓட்டுகிறோம். ஆகவே டயரின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்கின்றது. தடத்திலோ வண்டி சாய்ந்து சாய்ந்து எழுகின்றது. வேலை டயரின் தோள்களுக்கு வந்துவிடுகின்றது. சாலையில் மூன்று ஆண்டு குறையின்றி ஓடிய டயர் என்னும் நற்சாட்சி தோள்களைப் பற்றியது அன்று. நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிப்போன டயரைத் திடீரென்று சாய்த்தால், தட்டையின் விளிம்பு ஒரு படிக்கட்டைப் போல நின்று, வண்டி தடுமாறி விழுவது போலச் சாயும். நம் நெடுஞ்சாலையில் நாள்தோறும் நேராக ஓடி உத்தியோகத்துக்குப் போய்வரும் வண்டிகளுக்கு இந்தக் குறை மிகுதி. வண்டியின் பின்னே குந்தி உட்கார்ந்து டயரின் வளைவைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

பார்க்கும் முறையில்தான் தவறு நேர்கின்றது. பலர் நின்றவாறே குனிந்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, "நன்றாயிருக்கிறது" என்று எழுந்துவிடுகின்றனர். சக்கரத்தின் கால்பாகம்கூட அப்போது தெரிவதில்லை. நடுத்தாங்கியில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, வால்வில் தொடங்கி வால்வு மீண்டும் வரும்வரை பார்க்க வேண்டும். இரயில்வேயில் வண்டி நெடும்பயணம் புறப்படுமுன் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பார்க்கும் ஆட்கள் உண்டு. எஃகுச் சக்கரத்துக்கே அவ்வளவு உபசாரம் என்றால் இரப்பருக்கு எவ்வளவு வேண்டும்!

சமீபத்தில் இப்படிப்பட்ட புறப்பாடு ஒன்றுக்கு முன்னர் ஓர் இளைஞரின் வண்டியை அவரோடு அமர்ந்து பார்த்தோம். டயர் புதியது போலவே இருந்தது. முக்கால் சுற்று வந்த பின், இடத்தோளை ஒட்டிய காடி ஒன்றில் சிறிய கருப்புக் குமிழ் தென்பட்டது. கல் என்று எண்ணிப் பெயர்க்கப் போனால், பஞ்சர் கடையில் திணித்த இரப்பர்த் திரியின் தலை அது. வண்டியை வாங்குமுன்பே முந்தைய உடைமையாளர் போட்ட பஞ்சர். இவருக்குத் தெரியவே தெரியாது. இத்தகைய திரி சாலையில் மெதுவாக வீட்டுக்கு வந்து சேர்வதற்கு உதவும். சாய்ந்த நிலையில், சூடேறிய டயரில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதனை நம்புவதற்கு இல்லை. தோளிலும் பக்கச்சுவரிலும் பஞ்சர் ஒட்டிய டயரைத் தடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. நடுவில் ஒட்டியிருந்தாலும் மாற்றிவிடுவதே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம். அந்த இளைஞர் தாம் கட்டிய பணத்தை அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொண்டு, முதலில் டயர் வாங்கினார். வீட்டில் அன்று வருத்தம்தான். ஆனால் அவ்வருத்தம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள்ளும் கருங்கல் சில்லும் டயருக்குள் ஒளிந்துகொள்வதில் வல்லவை. அவற்றை நெம்பி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் எச்சில் தடவிக் குமிழி வருகின்றதா என்று பார்க்கும் பழைய வித்தையை எள்ளி நகையாட வேண்டாம்.

டயரின் வயதைப் பக்கச்சுவரே சொல்லும். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடைக்காரர் 'புதிது' என்பது இன்னும் விற்காதது என்பதையே குறிக்கும். ஆகையால் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். இரப்பர் ஓடாமல் நின்றாலும் முதிர்ந்து கெட்டிப்படும். வெயிலில் நின்ற வண்டியின் டயரில், காடிகளின் அடியிலும் பக்கச்சுவரிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். ஐந்து ஆண்டு கடந்த டயரை, காடி எவ்வளவு ஆழமாயிருப்பினும், தடத்துக்கு நாம் அனுப்பமாட்டோம்.

காடியின் ஆழத்துக்கும் அடையாளம் உண்டு. பக்கச்சுவரில் சிறு முக்கோணமோ குறியெழுத்தோ காணும். அதற்கு நேரே காடிக்குள் இரப்பர் மேடு ஒன்று இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் மொட்டை. இருசக்கர வண்டிக்கு அந்த எல்லை 0.8 மில்லிமீட்டர். அது சாலையில் நிற்பதற்கான கடைசிப் படி. தடத்தில் ஏறுவதற்கான தகுதி அன்று. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் வேறு டயர் மாட்டிக்கொண்டே போகவேண்டும். ஒரே நாளில் தடம் தின்னும் இரப்பர் சாலையில் பல வாரம் தேய்வதற்குச் சமம். திரும்பிவரும் வழிக்கும் மிச்சம் வேண்டாமா?

அளவு எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. 140/70-17 66H என்றிருந்தால் அகலம் 140 மில்லிமீட்டர். உயரம் அதில் 70 சதவீதம். ரிம் 17 அங்குலம். 66 என்னும் எண் 300 கிலோ வரை தாங்கும் என்பதற்கும், H என்னும் எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தகும் என்பதற்கும் குறி. S என்றால் 180. P என்றால் 150. அழகுக்காகப் பின்சக்கரத்தில் பெரிய டயர் மாட்டிக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே இருக்கின்றது. ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால் அது இறுகிக் கூம்பிவிடும். தோள் தரையில் படவேண்டியபடி படாது. சுழற்சித் திசை காட்டும் அம்புக்குறி உள்ள டயரைத் தலைகீழாக மாட்டித் தந்த கடைகளையும் கண்டிருக்கிறோம்.

காற்று விஷயமே எல்லாவற்றிலும் நுட்பமானது. கையேடு கூறும் அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. அதாவது, வண்டி சில மணி நேரம் நிழலில் நின்ற பின் அளப்பது. பள்ளியில் படித்த வாயு விதியை இங்கே நினைவு கொள்க. அதிகாலையில் 27 டிகிரியில் 30 பவுண்டு காற்று அடைத்த டயர், தடத்தில் 60 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 35 பவுண்டு காட்டும். ஒரு துளிக் காற்றும் கூடவில்லை. சூடு மட்டுமே கூடிற்று. காற்று மிகுந்தால் டயர் விறைத்து, தரையைத் தொடும் உள்ளங்கை சுருங்கிப் பிடிப்புக் குறையும். நம்மவர் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே தடத்துக்குப் போவதால், அங்கே இறங்கியதும் அளப்பது சூடான அளவாகிவிடுகின்றது. அதைக் கண்டு 'மிகுதி' என்று திறந்துவிட்டால் குளிர்ந்தபின் குறைந்துபோகும். ஆகவே முதல்நாள் இரவே சென்று தங்குவது நன்று. காலையில் கையேட்டின் அளவோடு தொடங்கி, முதல் பதினைந்து நிமிட ஓட்டம் முடிந்து இறங்கியவுடன் சூட்டோடு அளந்து, ஆசான் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். காற்றளவிக் கருவி ஒன்று சொந்தமாக வேண்டும். பெட்ரோல் பங்கின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

புது டயர் மாட்டினால் அடுத்த நாளே தடத்தில் இறங்குவதும் தவறு. அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு அதன் மேல் இருக்கும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் பதமாக ஓட்டி, மேற்பரப்பு மங்கிச் சொரசொரப்பான பிறகே நம்பலாம். வால்வுக்கு மூடி உண்டா, வால்வின் அடியிலுள்ள இரப்பர் வெடித்ததா, ரிம்மில் ஒட்டிய எடைத்துண்டுகள் ஆடுகின்றனவா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்க. கம்பிச் சக்கரமும் டியூபும் உள்ள புல்லட் முதலிய வண்டிகளில் கம்பிகளைத் தட்டிப் பார்ப்பதும் வேண்டும். தளர்ந்த கம்பியின் ஓசை வேறாயிருக்கும்.

தடத்திலும் வண்டிகளைச் சோதிப்பார்கள். பல வண்டிகளை ஒரு காலைப்பொழுதில் பார்க்கும் அவர்கள் கண்ணுக்குக் காடிக்குள் ஒளிந்த திரி தப்பிவிடலாம். வீட்டில் பார்ப்பதற்கு அரைமணி போதும். பிள்ளை சக்கரத்தைச் சுற்றட்டும்; தந்தையார் எதிரே அமர்ந்து விளக்கைப் பிடிக்கட்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவருக்கு நான்கு இலக்கத்தைத் தாயாரே படித்துச் சொல்லலாம். புறப்படுவதற்கு முந்தின இரவில் அன்று, இரண்டு வாரம் முன்னரே இதைச் செய்தால் டயர் வாங்கவும் பழக்கவும் அவகாசம் கிடைக்கும்.

மாலையில் தடத்தை விட்டு வெளியேறுமுன் குறைத்த காற்றை மறுபடியும் சாலை அளவுக்கு ஏற்ற வேண்டும். அலுப்பில் பலர் இதை மறந்துவிடுகின்றனர். அதற்கென ஒரு சிறு பம்பைப் பையில் வைத்துக்கொள்க. டயரின் விளிம்பு கிழிந்தோ நூல் தெரிந்தோ இருந்தால், இருட்டில் திருத்தணி வழியாக ஓட்டிவர வேண்டாம். வண்டியைச் சிறு லோடு வண்டியில் ஏற்றிவிட்டு, அரக்கோணத்தில் இரயில் ஏறிப் புத்தூரில் இறங்கலாம்.