மூழ்கினாலும் பிழைக்கும் நெல்

ஏரி நிரம்பினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பள்ளக்கால் வயல்கள் மூழ்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். மூழ்கிய நெல், நீருக்கு மேல் தலைநீட்ட அவசரமாக வளர்ந்து மாவுச்சத்தைச் செலவிடுகிறது. நீர் வடிந்ததும் சாய்ந்துவிடுகிறது.

ஒடிசாவின் எப்.ஆர்.13ஏ என்னும் பழைய ரகமோ இரண்டு வாரம் வரை தாங்குகிறது. காரணம், சப்1ஏ என்ற ஜீன். 9-வது குரோமோசோமிலுள்ள சப்1பி ஜீன் முற்காலத்தில் இரட்டித்ததால் உண்டான நகல் இது. மூல ஜீன் இருந்தபடியே இருக்க, நகல் புதுவேலை கற்றது. மூழ்கிய பயிரில் எத்திலீன் வாயு தேங்கியதும் இந்த ஜீன் விழித்து, வளர்ச்சியை அடக்கி, மாவுச்சத்தை மிச்சப்படுத்துகிறது.

இந்த ஜீனைச் சேர்த்த சி.ஆர்.1009 சப்1 ரகம் சம்பாவுக்கு ஏற்றது. வயது சுமார் 155 நாள். வெள்ளம் வடிந்தவுடன் யூரியா இடவேண்டாம். புதுத்துளிர் கண்டபின் மேலுரமிடவும்.