உங்களுக்குத் தெரியுமா?

ஆடப்போனால் கூலி போச்சு! இங்கிலாந்தின் ரக்பி லீக் பிறந்ததே இந்தச் சண்டையில்தான். வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டால், இழந்த சம்பளத்துக்கு 6 ஷில்லிங் தரலாமா என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. சொத்துள்ள தெற்கத்தியர் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று, கம்பளி ஆலைகளின் ஊரான ஹடர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் கண்டன. தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதைச் சங்கரன்கோவில்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

நம் கபடியில் இழந்த கூலிக்கான ஈடு, வேலையாக வந்தது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். 1995-க்கான அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் சோறு போட்டது மின்வாரிய உத்தியோகம்தான்.

வீரர்களுக்கு ஏலமும் ஒப்பந்தமும் 2014-இல் புரோ கபடி லீக் வந்த பிறகே. அதில் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றவர், தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன். அப்போது அவர் வயது 41. வடநாட்டு வீரர்களுக்கும் அவர் ‘அண்ணா’தான்.