நாடகத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு என்ன கொடுப்பது?



தை பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண்டு விழா ஏற்பாடுகள் தொடங்கிவிடும். விழா என்றால் நாடகம் உண்டு. கட்டபொம்மனோ, கண்ணகியோ, பாரதியோ, பிள்ளைகள் மேடையேறுவதற்காகப் பெரியவர்கள் பலர் கூலி வாங்காமல் உழைக்கிறார்கள். உடுப்பு தைக்கும் தாய்மார்கள், திரை இழுப்பவர், அரிதாரம் பூசுபவர், ஒத்திகை முடிந்து இருட்டிய பிறகு பிள்ளைகளை வீடு சேர்க்கும் ஆட்டோக்காரர் என்று பட்டியல் நீளும். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் நம் கடைப்படி ஏறி, "இருபது பேருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்பார்கள். அப்போது எதை எடுத்துக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் நாம் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி நாடகத்துக்கு நாம் சால்வைகள் நன்கொடையாகக் கொடுத்தோம். மொத்தமாக எடுத்ததால் விலை மலிவு. பளபளவென்று சரிகைக் கரை. பார்வைக்குப் பட்டு, உண்மையில் பாலியஸ்டர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் தறி வேலை முடிந்ததும் மூன்று வாரம் இரவு இரவாக வந்து, அரசவை ஜோடனை முழுவதும் கட்டிக் கொடுத்திருந்தார். அவருக்கும் அதையே போர்த்தினோம். போர்த்தியதும் அவருடைய விரல்கள் சால்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தன. நாற்பது வருடம் பட்டு நெய்த விரல்கள். ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டு இறங்கிவிட்டார்.

மறுவாரம் கடைக்கு வந்தபோதுதான், "ஐயா, ஒரு நூல் துண்டு குடுத்திருந்தா தெனம் தோள்ல போட்டிருப்பேன்" என்றார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடம் பள்ளியிலிருந்து அழைத்தார்களாம். தறியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அந்த ஆண்டு நாடகம் வெறும் நீலத் திரைக்கு முன்னால் நடந்தது. 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பட்டை நெய்யும் ஊரில், நெசவாளர் தோளில் போலிப் பட்டைப் போர்த்தியதன் பலன் அது. இழந்தது பிள்ளைகள்.

பிள்ளைகள் நாடகம் என்பது காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. 1990இல் இங்கே கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்தது. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்த ஹன்னே டி ப்ரூயின் அம்மையாரும் முன்நின்று, 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கூத்துக் குருகுலம் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் அங்கே ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு கூத்தும் பயின்றார்கள்.

அந்தக் கூத்திலிருந்து வணிகர்களாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கூத்துக்கு ஆள் பேசும்போது வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துத் தாம்பூலம் கொடுப்பார்கள். அது பேசிய கூலி. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தின் நடுவே, மனம் மகிழ்ந்து பார்வையாளர் கொடுப்பது அன்பளிப்பு. அது பத்து ரூபாயானாலும், கொடுத்தவர் பெயரைச் சபையறியச் சொல்லுவார்கள். கூலி வேறு, அன்பளிப்பு வேறு. பெயர் சொல்வது அன்பளிப்பில் பாதி. பள்ளி நாடகத்திலும் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது. ஆனால் இங்கே சபையில் சொல்ல வேண்டியது கொடுத்தவர் பெயரை அல்ல, உழைத்தவர் பெயரை.

தவிர்க்க வேண்டியவை

1. உறையில் பணம். கொடுக்கும் தொகை செய்த வேலைக்கு ஒரு நாள் கூலிகூட ஆகாது. கணக்குப் பார்க்க வைத்துவிடும்.

2. அரிசி, பருப்பு, எண்ணெய். நம் கடைச் சரக்குதான், தள்ளிவிடச் சுலபம். ஆனால் மேடையில் கொடுத்தால் வெள்ள நிவாரணம் போல இருக்கும்.

3. விற்காமல் தங்கிய சரக்கு. காலாவதி நெருங்கிய பிஸ்கட்டைக் கொடுத்தால் வீட்டில் போய்த் தேதி பார்ப்பார்கள். பெயர் கெடுவது நம் கடைக்கு.

4. ரவிக்கைத் துண்டு. ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்கு ஊர் சுற்றுமே தவிர, தைத்துப் போடுவோர் குறைவு.

5. சாமி படம், குங்குமச் சிமிழ். பள்ளியில் எல்லா மதத்தாரும் உழைக்கிறார்கள். மேலும், வரிசையாகக் குங்குமம் கொடுத்து வரும்போது கணவரை இழந்த ஒரு தாயிடம் வந்ததும் கை தயங்கினால், அவர் மனம் என்ன பாடுபடும்?

கொடுக்கத் தக்கவை

தலைக்கு ரூ.200 என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு ரூ.4,000. இதற்குள் நல்லதாகவே முடியும்.

எவர்சில்வர் டம்ளர் அல்லது சிறு சம்படம் கனமானதாக ஒன்று. பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். உதவியவர் பெயர், நாடகத்தின் பெயர், வருடம், இவ்வளவு போதும். இரண்டு நாள் முன்பே பெயர்ப் பட்டியலை எழுத்துப் பிழையில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் கழித்தும் பேரப்பிள்ளை அதைப் படித்துக் கேட்பான்.

ஆடைதான் வேண்டும் என்றால் அசல் பருத்திக் கைத்தறித் துண்டு கொடுங்கள். பட்டு கொடுக்க வசதியில்லை என்பது குறையல்ல. நூலை நூல் என்று சொல்லிக் கொடுப்பதே மரியாதை.

மளிகைக்காரர்கள் தம் கடையிலிருந்தே கொடுக்க விரும்பினால், அன்றாடம் வாங்காத சாமான்களைக் கொடுக்கலாம். முந்திரி, திராட்சை, ஏலக்காய், நல்ல வெல்லம் சேர்த்து ஒரு பாயசப் பொட்டலம். அன்றாடச் சாமான் உதவிபோலத் தோன்றும். இது விருந்துபோலத் தோன்றும். கணவரும் பிள்ளைகளும் கூடச் சாப்பிடுவார்கள். உடுப்பு தைத்த அம்மா ராத்திரி தையல் இயந்திரத்தில் இருந்தபோது சமையலைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தானே.

எதைக் கொடுத்தாலும் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. பையில் பள்ளியின் பெயரும் நாடகத்தின் பெயரும் இருக்கட்டும். நம் கடைப் பெயர் அடியில் சிறிதாக இருந்தால் போதும்.

கொடுக்கும் முறை

எல்லோருக்கும் ஒரே பொருளாக இருக்கட்டும். நாடகம் எழுதிய தமிழையாவுக்குப் பெரிது, திரை இழுத்தவருக்குச் சிறிது என்று வேண்டாம். விழா முடிவில் கூட்டம் கலையும்போது அவசரமாகக் கொடுக்காமல், நாடகம் முடிந்த கையோடு, வேஷம் கலைக்காத பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதை ஒரு வரியில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். நன்கொடை கொடுத்த வணிகர்கள் அந்த நேரத்தில் நாற்காலியிலேயே இருப்பது நல்லது. பில்லை மறக்காமல் பள்ளிக் கணக்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

பொருள் வாங்கிப் போனவர் மறுபடி வந்தால்தான் வியாபாரம் என்பது நாம் அறிந்தது. பள்ளிக்கூடத்துக்கும் அதே கணக்குதான். உழைத்தவர் அடுத்த வருடமும் தாமாகவே வர வேண்டும். இந்த ஆண்டு யார் கேட்டு வந்தாலும், "என்ன விலையில் வேண்டும்?" என்பதற்கு முன், "யார் யார், என்ன வேலை செய்தார்கள்?" என்று கேட்டுவிட்டுச் சரக்கை எடுங்கள். நாம் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்த நெசவாளர் வீட்டுக்கும் போன வருடம் நேரில் போய் ஒரு கைத்தறித் துண்டு கொடுத்து வந்தோம். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.