ஆங்கிலச் சொற்களின் ஒலியசையும் தமிழ் எழுத்தெண்ணும் முறையும்

ஆங்கிலப் பேச்சினைப் பயிலப் புகும் தமிழ் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு சொல் எத்தனை 'சிலபிள்' உடையது என எண்ணிக் கூறுதலாகும். சிலபிள் என்பதனை நம் நூல்கள் பெரும்பாலும் 'அசை' என்றே பெயர்க்கின்றன. மொழியியலாரும் அச்சொல்லையே ஆள்கின்றனர். அறிஞர்க்கு இதனால் இடரில்லை. யாப்பிலக்கணம் பயின்ற மாணவனுக்கோ இஃது ஒரு பிழைக்கு வாயிலாகின்றது. அப்பிழை யாது என்பதையும், அதனைத் தீர்க்கும் கருவி நம் யாப்பிலேயே, ஆயின் அசையில் அன்றி எழுத்தெண்ணும் முறையில், அமைந்துள்ளது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில், சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடையே நாவலூர் உள்ளது. 2019ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டினைச் சார்ந்தது இவ்வூர். இச்சாலையில் உள்ள கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞருட் பலர் கடல்கடந்த நாட்டினரோடு நாள்தோறும் ஆங்கிலத்தில் உரையாட வேண்டியவர். அத்தகைய இளைஞர் ஒருவர் தாம் எழுதிய பயிற்சித்தாள் ஒன்றனை என்னிடம் காட்டினார். 'டிவெலப்மென்ட்' என்னும் சொல்லுக்கு 'மூன்று' என விடை எழுதியிருந்தார். அது தவறு எனக் குறிக்கப்பட்டிருந்தது. "ஐயா, பள்ளியில் அலகிடக் கற்றவாறே எண்ணினேன். டிவெ நிரை, லப் நேர், மென்ட் நேர். பிழை எங்கே?" என்று வினவினார். அலகிட்டதில் பிழை இல்லை. அவர் எண்ணியது பிறிதொன்று என்பதே விடை.

யாப்பில் அசை இருவகைத்து. குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேர். குறிலிணையும் குறில் நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நிரை. ஆகவே நேரசையில் உயிரொலி ஒன்று, நிரையசையில் இரண்டு. ஆங்கிலத்தார் சிலபிள் என்பதோ ஓர் உயிரொலியினை நடுவாகக் கொண்டு, முன்னும் பின்னும் மெய்கள் சார, ஒரே எழுச்சியாய் ஒலிப்பது. அதனை இக்கட்டுரையில் 'ஒலியசை' எனக் குறிப்போம். ஒரு சொல்லில் நிரையசை எத்தனை உளவோ, ஒலியசையின் தொகை யாப்பசையின் தொகையினும் அத்தனை மிகும்.

இளைஞர் நாள்தோறும் பேருந்தில் காணும் ஊர்ப்பெயர்களையே நோக்குக. நாவலூர் என்பதில் யாப்பசை நா, வலூர் என இரண்டு, அது கூவிளம். ஒலியசையோ நா, வ, லூர் என மூன்று. கோவளமும் அவ்வாறே. சிறுசேரி யாப்பில் மூன்று, ஒலியில் நான்கு. மாமல்லபுரம் யாப்பில் நான்கு, ஒலியில் ஐந்து. கேளம்பாக்கத்தில் நிரையே இன்மையால் இரண்டு கணக்கும் நான்காய் ஒத்து நிற்கின்றன. இங்ஙனம் சிலவற்றில் ஒத்தும் சிலவற்றில் ஒவ்வாமலும் வருதலே மாணவனை மயக்குவது. 'பனானா'வுக்கு இரண்டு என்றும், 'சாலரி'க்கு இரண்டு என்றும் கூறுபவன், 'மேனேஜர்' என்பதற்கு மட்டும் மூன்று எனச் சரியாகக் கூறிவிடுகிறான். தன் முறை எங்கே தவறியது என அவனுக்குப் புலனாவதில்லை.

இனி, ஒலியசையினை எண்ணும் வழக்கு தமிழுக்குப் புதிதோ எனின், அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அடியினை எழுத்தளவால் வகுக்கின்றார். நான்கு முதல் ஆறெழுத்தளவும் குறளடி. ஏழு முதல் ஒன்பது சிந்தடி. பத்து முதல் பதினான்கு அளவடி. பதினைந்து முதல் பதினேழு நெடிலடி. பதினெட்டு முதல் இருபது கழிநெடிலடி. இவ்வாறு எண்ணுங்கால் உயிரில்லாத எழுத்து எண்ணப்படாது என்பதும், உயிரின் இயக்கம் அதற்கு இன்மையே காரணம் என்பதும் அவர் கருத்து. புள்ளி எழுத்துகளை நீக்கி எஞ்சியவற்றை எண்ணினால் கிடைப்பது ஒலியசையின் தொகையே. உயிரே ஒலியசையின் உள்ளீடு என இக்கால ஒலிநூலார் கூறுவதனை, எழுத்தெண்ணும் விதிக்குக் காரணமாகவே தொல்காப்பியர் அன்றே அமைத்துள்ளமை வியக்கத்தக்கது.

கட்டளைக் கலித்துறை இதற்குத் தெளிவான சான்று. அபிராமி அந்தாதி பயில்வார் இவ்யாப்பினை நன்கறிவர். அதன் அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீக்கிப் பதினாறெழுத்தும், நிரையில் தொடங்கின் பதினேழெழுத்தும் பெறும். இவ்வேறுபாடு புலவர் தம் விருப்பால் வகுத்ததன்று. நேருக்கு எழுத்து ஒன்று, நிரைக்கு இரண்டு. முதற்சீர் முதல் ஐந்தாம் சீர் வரை வெண்டளை பிழையாது ஓடுதலின், ஒரு சீரில் குறையும் எழுத்தினை அடுத்த சீரின் முதல் நிரை ஈடுசெய்துவிடும். ஈற்றுச்சீர் விளங்காயாதல் வேண்டும் என்னும் வரையறையும் உண்டு. எனவே அடியின் தொடக்கத்தில் வரும் நிரையொன்றே ஈடின்றி எஞ்சி, தொகையினை ஒன்று கூட்டுகின்றது. யாப்பசைக்கும் ஒலியசைக்கும் உள்ள உறவினை இதனினும் நுட்பமாகக் காட்டவல்ல சான்று பிறிதில்லை என்பது என் துணிபு. அவ்விளைஞரிடம் "அசையை எண்ணாதீர், கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணுவது போல எண்ணுங்கள்" என்றேன். தாளில் இருந்த பன்னிரண்டு சொற்களுள் ஒன்பதற்கு உடனே சரியான விடை வந்தது. எஞ்சிய மூன்று வேறொரு காரணத்தாற் பிழைத்தன.

அக்காரணம் நம் நாவின் பழக்கம். மெய் தனித்து மொழிக்கு முதலாகாது என்பதும், வல்லெழுத்து மொழிக்கு ஈறாகாது என்பதும் தமிழின் இயல்பு. வடசொல்லாகிய 'க்ராம' என்பது ஈரொலியசை உடையது. தமிழில் அது 'கிராமம்' என மூன்று பெற்றது. ஆங்கிலச் சொற்களும் இவ்வழியே வந்தன. 'ஸ்கூல்' ஓரசைச் சொல். பேச்சில் 'இஸ்கூல்' என இரண்டாகின்றது. 'ஃபில்ம்' ஒன்று, 'பிலிம்' இரண்டு. 'பெஞ்ச்' ஒன்று, 'பெஞ்சு' இரண்டு. 'க்ளாஸ்' என்பதோ முன்னும் பின்னும் உயிர் பெற்றுக் 'கிளாஸு' என மூன்றாய் விரிகின்றது. மாணவன் தான் ஒலிப்பதனைச் செம்மையாகவே எண்ணுகிறான். ஆங்கிலேயர் ஒலிப்பது வேறாய் இருத்தலின் விடை மாறுகின்றது. ஆதலின் எண்ணக் கற்பித்தலும் ஒலிக்கக் கற்பித்தலும் இருவேறு பாடங்கள் அல்ல.

ஈற்றில் சேரும் உகரம் தனியே நோக்கத்தக்கது. அது முழு உகரமன்று. அரை மாத்திரையே ஒலிக்கும் குற்றியலுகரத்தின் இனம். அதனை முழு எழுத்தாகக் கொள்ளாத மரபும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியர் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்னும் இரண்டனையும் கூட்டி அசை நான்கென்றார். அவ்வகையில் 'வண்டு' என்பது நேர்பு என்னும் ஓரசையே. பின்வந்த யாப்பு நூலார் நேர், நிரை இரண்டோடு அமைந்தனர். அடிக்கு எழுத்தெண்ணுங்கால் ஒற்றோடு குற்றியலுகரத்தையும் நீக்கும் உரைமரபும் உளது. தமிழ்ச் செவி 'பெஞ்சு' என்பதன் ஈற்றுகரத்தைப் பொருட்படுத்தாது விடுவதற்கும், ஆங்கிலச் செவி அதனைத் தனி ஒலியசையாகக் கேட்பதற்கும் உள்ள இடைவெளி இதுவே. தாம் 'பெஞ்ச்' என்று ஓரசையாகவே கூறியதாகத் தமிழர் உண்மையாகவே நம்புவர். எதிரில் உள்ளவர் இரண்டு கேட்டிருப்பர்.

இப்பழக்கத்தால் பெரிதும் இடர்ப்படுவன இறந்தகால வினைகள். 'வாக்' என்பது இறந்தகாலத்தில் 'வாக்ட்' ஆகும். எழுத்தில் இரண்டு கூடினும் ஒலியசை கூடாது, ஒன்றே. 'ஆஸ்க்ட்' என்பதும் ஒன்றே. 'வான்ட்', 'நீட்' போல்வனவோ இறந்தகாலத்தில் 'வான்டிட்', 'நீடிட்' என இரண்டாகும். வினைப்பகுதி டகரத்தினை ஒத்த ஒலியால் முடியின் மட்டுமே ஓர் அசை மிகும் என்பது விதி. பன்மையும் இத்தகையதே. 'புக்ஸ்' ஒன்று, 'பஸ்' என்பதன் பன்மை 'பஸிஸ்' இரண்டு. ஸ, ஷ, ச, ஜ ஆகியவற்றை ஒத்த ஒலிகளில் முடியும் பெயர்களே பன்மையில் அசை மிகப் பெறும். இவ்விதிகளை அறியாது எல்லாவற்றிற்கும் உகரம் கூட்டி 'வாக்டு', 'ஆஸ்க்டு' என்பாரின் ஆங்கிலம் சொல்தோறும் ஓரசை நீண்டு, கேட்பவரைத் தடுமாறச் செய்கின்றது.

ஆங்கில எழுத்தினைக் கொண்டு எண்ணுதல் ஒருபோதும் கூடாது. தமிழில் புள்ளி இருத்தலின் எழுத்தே ஒலிக்குச் சான்றாகின்றது. ஆங்கிலத்தில் அவ்வாறன்று. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதனை ஒன்பதெழுத்தால் எழுதுவர், ஒலியசை ஒன்று. 'ஏரியா' நான்கெழுத்து; ஒலியசை மூன்று. 'க்யூ' என்னும் வரிசையினை ஐந்தெழுத்தால் எழுதுவர், அவற்றுள் நான்கு உயிர்க்குறிகள், ஒலியசையோ ஒன்றே. 'டைம்', 'ஹவுஸ்' முதலியவற்றில் உயிர் ஓரிடத்துத் தொடங்கி வேறிடத்து முடியினும் அசை ஒன்றே. ஐகாரத்தையும் ஔகாரத்தையும் ஓரெழுத்தாகக் கொண்ட தமிழர்க்கு இது கடினமன்று.

சிறார்க்குக் கைதட்டி எண்ணக் கற்பிப்பர். முகவாயின் கீழ்க் கைவைத்து அது தாழும்தோறும் எண்ணுமாறும் கூறுவர். அகர ஆகாரங்களுக்கு வாய் அங்காத்தலின் பின்னது அவற்றில் நன்கு பயன்படும். இதழ் குவிந்து பிறக்கும் உகர ஊகாரங்களில் அத்துணைப் பயன்படாது. எழுத்தறியாக் குழந்தையும் ஒலியசையினை உணரும் என்பது ஆய்வுகளால் தெளிந்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுச் சிறாருள் ஏறக்குறையப் பாதியர் ஒலியசையினைத் தட்டி எண்ணினர். தனியொலிகளை எண்ண வல்லார் அவ்வயதில் ஒருவரும் இலர். ஒலியசை என்பது உடலில் யாது என்னும் வினா எளிதில் தீரவில்லை. ஒவ்வோர் அசைக்கும் மார்பின் தசை ஒருமுறை உந்தும் என ஸ்டெட்சன் 1928இல் கூறினார். 1950களில் லேடிஃபோகெட் முதலியோர் தசைகளின் இயக்கத்தை அளந்து அஃது எப்போதும் பொருந்தாமை காட்டினர். வரையறுக்க அறிஞர் இடர்ப்படுவதனைக் குழந்தை எண்ணிவிடுகின்றது.

இருவகைச் சொற்களில் நம் எழுத்தெண்ணும் முறையும் தளரும். ஒன்று, மெய்யே உயிர்போல் நின்று அசையாதல். 'லிட்டில்', 'பட்டன்' என்பவற்றின் ஈற்றில் ஆங்கிலேயர் பலர் உயிரினை ஒலிப்பதில்லை. லகரமும் னகரமும் தாமே அசையாகின்றன. நாம் இடையில் உயிர் கூட்டி ஒலித்தலின் தொகை இரண்டாகவே நின்று, பிழை வெளிப்படுவதில்லை. மற்றொன்று, அழுத்தம் இல்லாத உயிர் தேய்ந்து மறைதல். ஆங்கிலத்தில் ஓர் அசை அழுத்தம் பெற, ஏனையவை மெலியும். 'வெஜிடபிள்' எனத் தமிழர் நான்காக ஒலிப்பது ஆங்கிலப் பேச்சில் 'வெஜ்டபிள்' என மூன்றாகும். 'கம்ஃபர்டபிள்' என்பதும் மூன்றாகச் சுருங்கும். 'பிஸினஸ்' இரண்டே. 'சாக்லேட்', 'ஃபேமிலி', 'கேமரா' ஆகியன ஒருவர் வாயில் மூன்றாகவும் மற்றொருவர் வாயில் இரண்டாகவும் வரும். 1917இல் முதற்கண் வெளிவந்த டேனியல் ஜோன்ஸின் ஒலிப்பு அகராதி போன்ற நூல்களில் இத்தகைய மாற்றொலிப்புகளையும் காணலாம். இச்சொற்களில் மாணவன் எவ்வெண்ணைக் கூறினும் பிழையெனக் குறித்தல் முறையன்று.

நம் ஊர்ப்பெயர்களை ஆங்கிலேயர் வழங்கியவாறு மேற்கூறியதன் மறுதலையாகும். நாம் அவர்தம் சொற்களுக்கு உயிர் கூட்டினோம். அவர் நம் பெயர்களின் உயிரைக் குறைத்தனர். எழும்பூர் மூன்றசை, 'எக்மோர்' இரண்டு. தஞ்சாவூர் மூன்று, 'டான்ஜோர்' இரண்டு. நாவலூர் அடங்கிய மாவட்டத்தின் தலைநகர்ப்பெயர் செங், கல், பட், டு என நான்கு. அவர்கள் அதனைச் 'சிங்கிள்புட்' என மூன்றாக்கினர். அங்கு இரண்டாம் அசைக்கு லகர மெய்யே உயிராய் நின்றது. ஈற்றில் உதிர்ந்ததோ, 'பெஞ்சு' என நாம் அவர்க்குக் கூட்டிய அதே குற்றியலுகரம்.