இரும்பு மீக்கடத்திகள்: கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை அளப்பது எப்படி?

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பதற்காக அந்தக் குழாய்க்குள் படுத்தவர்களுக்கு அதன் சத்தம் நினைவிருக்கும். தங்களைச் சுற்றித் திரவ ஹீலியத்தில் மூழ்கிய கம்பிச் சுருள் ஒன்று இருந்தது பலருக்குத் தெரிந்திருக்காது. நியோபியம்-டைட்டானியம் கலந்த அந்தக் கம்பியில், மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில், மின்சாரம் எந்தத் தடையுமின்றி ஓடுகிறது. இதற்குப் பெயர் மீக்கடத்தல். 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் இதைப் பாதரசத்தில் முதன்முதலாகக் கண்டார்.

ஹீலியம் விலை அதிகம். தட்டுப்பாடும் அடிக்கடி வரும். இவ்வளவு குளிர் தேவைப்படாத மீக்கடத்தி கிடைக்காதா என்ற தேடலுக்குக் காரணம் இதுதான். 1986-ல் தாமிர ஆக்சைடுகளில் ஒரு வழி திறந்தது. 2008-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடியோ ஹோசோனோவின் குழு இரும்பும் ஆர்செனிக்கும் கலந்த சேர்மம் ஒன்று 26 கெல்வினில் (மைனஸ் 247 டிகிரி) மீக்கடத்தியாவதை அறிவித்தது. சில மாதங்களிலேயே சீன ஆய்வாளர்கள் அதே வகைச் சேர்மத்தில் 55 கெல்வினைத் தொட்டார்கள். காந்தத்தன்மை மீக்கடத்தலைக் கெடுத்துவிடும் என்பதே அதுவரை பாடம். அப்படியிருக்க, இரும்பா?

காரணத்தைத் தேடப் போனவர்கள் முதலில் அளக்க விரும்பியது 'ஆற்றல் இடைவெளி' என்ற ஒன்றை. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடுவதில்லை, ஜோடி சேர்ந்து ஓடுகின்றன. ஒரு ஜோடியைப் பிரிக்கக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் ஜோடி அசையாது. அந்தக் குறைந்தபட்ச விலையில் பாதி, அதாவது ஓர் எலக்ட்ரானின் பங்கு, இடைவெளி எனப்படுகிறது. ஜோடியைக் கட்டிவைத்திருக்கும் பசை எது, எவ்வளவு வலிமையானது என்பதற்கு அதுவே நேரடித் தடயம். பழைய உலோகங்களுக்கு 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: ஜோடியைப் பிரிக்கும் ஆற்றல், மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்குரிய ஆற்றலைப் போல 3.53 மடங்கு. மூன்றே ஆண்டுகளில் ஐவர் கியேவர் அலுமினியத்துக்கும் ஈயத்துக்கும் இடையே மெல்லிய ஆக்சைடு படலம் வைத்து, மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தி அந்த இடைவெளியை அளந்தே காட்டிவிட்டார்.

இரும்பில் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. 2008-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், 42 கெல்வினில் மீக்கடத்தியாகும் சமாரியம் கலந்த மாதிரியின் மீது கூர்மையான உலோக முனையை அழுத்தி அளந்தார்கள். ஜோடியைப் பிரிக்க 13.34 மில்லி எலக்ட்ரான் வோல்ட், மடங்கு 3.68. ஒரே இடைவெளிதான், பழைய கணக்குக்கு மிக அருகில். அதே ஆண்டு ஹாங் டிங் உள்ளிட்ட குழு, பேரியமும் பொட்டாசியமும் கலந்த, 37 கெல்வினில் மீக்கடத்தியாகும் ஒற்றைப் படிகத்தில் வேறு முறையில் அளந்தது. கிடைத்தது இரண்டு இடைவெளிகள்: ஒன்று சுமார் 6, மற்றது சுமார் 12 மில்லி எலக்ட்ரான் வோல்ட். சிறியது பழைய கணக்கை ஒட்டி வருகிறது. பெரியதற்கு மடங்கு ஏழரை!

பொருள்கள் வேறு என்பது ஒரு காரணம். கருவிகள் பார்க்கும் விதம் வேறு என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முனையை அழுத்தும் முறை எல்லாத் திசைகளில் ஓடும் எலக்ட்ரான்களையும் கலந்து ஒரே விடை தருகிறது. டிங் குழுவின் முறையில் படிகத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி, வெளியே தெறிக்கும் எலக்ட்ரான் எந்தத் திசையில், எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இரும்புச் சேர்மத்தில் எலக்ட்ரான்கள் ஒரே கூட்டமாக இல்லாமல் பல கூட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. எந்தக் கூட்டத்துக்கு எந்த இடைவெளி என்று பிரித்துச் சொல்ல இந்த முறையால் முடியும்.

ஆனால் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் தெரியுமா? இத்தகைய ஆய்வில் வழக்கமாகப் பயன்படும் ஹீலியம் விளக்கின் ஒளித்துகளுக்கு 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அதில் 12 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது, 21 ரூபாய் 20 காசு வரவுசெலவில் ஒரு காசு குறைவதைப் பிடிப்பது போன்றது. தவிர, தெறிக்கும் எலக்ட்ரான்கள் படிகத்தின் மேலடுக்குகளிலிருந்து மட்டுமே வருகின்றன. மேற்பரப்பு உள்ளே இருப்பதைப் போலவே இருக்கும் என்று நம்பித்தான் ஆக வேண்டும்.

உள்ளே பார்க்க வேறு வழி உண்டு: காந்தப்புலம் மீக்கடத்திக்குள் எவ்வளவு ஆழம் நுழைகிறது, வெப்பநிலையோடு அது எப்படி மாறுகிறது என்று அளப்பது. ஆர்செனிக்கில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பாஸ்பரஸ் சேர்த்த பேரியச் சேர்மத்தில் இப்படி அளந்தபோது, சில இடங்களில் இடைவெளி பூஜ்யமாகவே இருப்பது தெரிந்தது. ஒரே குடும்பத்துப் பொருள்கள், குணம் மட்டும் வேறு.

அளவு தெரிந்தாலும் போதாது. இகோர் மாசினும் சகாக்களும் 2008-ல் முன்வைத்த கருத்துப்படி, ஒரு எலக்ட்ரான் கூட்டத்தின் இடைவெளி 'பிளஸ்' என்றால் மற்றதன் இடைவெளி 'மைனஸ்'; பசையோ காந்த அதிர்வுகள். மேலே சொன்ன ஆழமோ ஒளியோ இந்தக் குறியைக் காட்டுவதில்லை. 2010-ல் ஜப்பானில் ஹனகுரி குழு, அணுக்களைத் தனித்தனியே காட்டும் எஸ்டிஎம் நுண்ணோக்கியின் கீழ் இரும்பு-செலினியம்-டெலூரியம் படிகத்தை வைத்து, காந்தப்புலத்தில் எலக்ட்ரான் அலைகள் சிதறும் கோலம் மாறுவதைப் பார்த்தது. அந்த மாற்றம் குறி மாறுகிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது.

2012-ல் சீனாவில் இன்னொரு புதிர் கிளம்பியது. இரும்பு செலினைடு சாதாரணமாக 8 கெல்வினில்தான் மீக்கடத்தியாகும். அதையே ஓர் அடுக்கு மட்டும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மீது படியவைத்தபோது இடைவெளி சுமார் 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இருந்தது. அடுத்த ஆண்டு ஒளி முறையில் அளந்தவர்கள், அது ஏறக்குறைய 65 கெல்வினில்தான் மூடுகிறது என்றார்கள். மின்தடையை அளந்தவர்களுக்கோ பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வெப்பநிலையே கிடைத்தது. எந்த அளவீட்டை நம்புவது என்ற விவாதம் அங்கேயும் தொடர்ந்தது.